“படிப்பு ஏறலை” என்று சொல்லிவிடுவதற்கு முன்

ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் இரண்டு வாரத்துக்கு என் கைபேசி ஓயாது. பேசுபவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். “மேடம், பையன் மூணு பாடத்துல போயிட்டான். படிப்பு ஏறலை. ஏதாவது கைத்தொழில் கத்துக்குடுக்கிற இடம் இருந்தா சொல்லுங்க.” தெரிந்த இடங்களைச் சொல்வேன். ஆனால் போனை வைத்த பிறகு ஒவ்வொரு முறையும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இந்தப் போன் மூன்று வருடம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

நான் சிறப்புப் பயிற்றுநர். மற்ற பிள்ளைகளைப் போலக் கற்க முடியாத பிள்ளைகளுக்கு, அவர்களுக்கு எந்த வழியில் வருமோ அந்த வழியில் கற்றுக்கொடுப்பது என் வேலை. அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குள் என்னென்ன ஏற்பாடுகள் உண்டு, பள்ளியிலிருந்து தொழிலுக்குப் போகும் பாதைகள் எவை என்பதைத் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து இங்கே சொல்கிறேன். இதெல்லாம் எதுவுமே தெரியாத ஒருவர் படிக்கிறார் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒரே பட்டியலில் ஐந்து விதமான பிள்ளைகள்

வகுப்பில் பின்தங்கும் எல்லோரையும் பள்ளிகளில் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரே பட்டியலில் எழுதிவிடுவது வழக்கம். அந்தப் பட்டியலுக்குள் ஒருவருக்கொருவர் கொஞ்சமும் சம்பந்தமில்லாத பிள்ளைகள் இருப்பார்கள்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை ‘பருவமழை’ என்ற சொல்லை வாசிக்கச் சொன்னேன். ப... ரு... வ... என்று விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் போனான். ‘ழை’க்கு வரும்போது முதலில் சொன்ன ‘ப’ அவன் நினைவில் இல்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். அவன் முன்நெற்றி வேர்த்துவிட்டது. சரி என்று புத்தகத்தை வாங்கி, அதே பாடத்தை நான் வாசித்துக் காட்டினேன். முடித்துவிட்டுக் கேள்வி கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறான். கூடவே, “தென்மேற்குப் பருவக்காத்துல நம்ம ஊருக்கு ஏன் மழை கம்மி மேடம்?” என்று என்னையே கேட்கிறான். இவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா. அரசு ஆவணங்களில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்று வரும். அறிவில் குறை கிடையாது. எழுத்தை ஒலியோடு இணைக்கும் வேலை மட்டும் மூளையில் தடுமாறுகிறது. ல, ள, ழ குழப்பம், கெ என்பதைக் கே என்று வாசிப்பது, புள்ளியை விட்டுவிடுவது எல்லாம் தமிழில் இதன் அடையாளங்கள். ஆரம்ப வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான் தடுமாறும், அதற்குப் பயப்பட வேண்டாம். நாலாம், ஐந்தாம் வகுப்பு தாண்டியும் மாறவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள். புரிந்துகொள்வதே மெதுவாக நடக்கும். சூழலுக்கு ஏற்ப நடந்துகொள்வதிலும் துணை தேவைப்படும். மூன்றாவது, ஆட்டிசம் உள்ளவர்கள். இவர்களை ஒரு வகை என்று சொல்வதே சரியில்லை. பொறியியல் படித்தவரும் உண்டு, வாய்ப்பேச்சு வராதவரும் உண்டு. சத்தம், வெளிச்சம், திடீர் மாற்றம் இவற்றை உடம்பு தாங்காமல் போவது பலரிடம் பொதுவாக இருக்கும். நான்காவது, செவித்திறன், பார்வை, கை கால் இயக்கம் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்கள். இவர்களுக்குக் கற்கும் திறனில் தடையில்லை. பாடம் அவர்களிடம் வந்து சேருகிற வழியில்தான் தடை.

ஐந்தாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. இவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. ஐ.க்யூ. என்கிற நுண்ணறிவுச் சோதனையில் 70க்கும் 85க்கும் இடையில் வருபவர்கள். அறிவுசார் குறைபாடு என்று சான்று வாங்க முடியாத அளவுக்கு மதிப்பெண் அதிகம். வகுப்போடு ஓட முடியாத அளவுக்குக் குறைவு. டிஸ்லெக்சியா என்ற வரையறைக்குள்ளும் வரமாட்டார்கள். அதனால் சான்று இல்லை, சலுகையும் இல்லை. எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதால் பிரச்சினை வெளியே தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் மொத்தமாக வந்து விழும். இவர்களுக்கு என்ன வழி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு பிரித்துப் பார்க்க வேண்டும்? பாதை வேறு என்பதால்தான். பருவக்காற்றைப் பற்றிக் கேட்ட பையனைத் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்தால் அது அநியாயம். அவனுக்குத் தேவை பாடத்தைக் காதில் கேட்கும் வசதியும், பரீட்சையில் எழுதித் தர ஓர் ஆளும். அவன் கல்லூரிக்குப் போக வேண்டியவன். இன்னொரு பிள்ளைக்கு முக்கோணவியல் சொல்லிக்கொடுத்து இரண்டு வருடம் வீணாக்குவதும் அதே அளவு அநியாயம்தான். அந்த நேரத்தில் அவள் பஸ் ஏறப் பழகியிருப்பாள், காசு எண்ணப் பழகியிருப்பாள்.

சட்டம் என்ன சொல்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. புதியதில் 21. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் முதன்முதலாகப் பட்டியலுக்குள் வந்தது இந்தச் சட்டத்தில்தான்.

இதில் பெற்றோருக்கு உடனே பயன்படுவது மூன்று நான்கு விஷயங்கள். குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. அது பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உண்டு. ‘இங்கே இடமில்லை, சிறப்புப் பள்ளியில் சேருங்கள்’ என்று ஒரு சாதாரணப் பள்ளி விரட்ட முடியாது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. உயர்கல்வியில், அரசு மற்றும் அரசு உதவி பெறும் நிறுவனங்களில் 5 சதவீத இடமும், சேர்க்கை வயது வரம்பில் ஐந்து வருடத் தளர்வும் உண்டு. அரசு வேலையில் 4 சதவீதம். அந்த நான்கில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் பல குறைபாடுகள் சேர்ந்து உள்ளவர்களுக்கும் வைத்திருக்கிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சாவி மருத்துவச் சான்றும், அதை வைத்து வரும் யு.டி.ஐ.டி. என்கிற தேசிய அடையாள அட்டையும். இணையத்தில் பதிவு செய்துவிட்டு அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். கற்றல் குறைபாட்டுக்கு எட்டு வயதுக்கு முன் சான்று தரமாட்டார்கள். ‘சான்று வாங்கினால் பிள்ளைமேல் முத்திரை குத்தின மாதிரி ஆகிடுமே’ என்று பல வீடுகளில் தள்ளிப்போடுகிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் வகுப்பில் ‘மக்கு’ என்ற முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. அது எழுத்தில் இல்லை, அவ்வளவுதான். சான்று அந்தப் பழைய முத்திரையை எடுத்துப் போட உதவும்.

பள்ளிக்குள் என்ன நடக்க வேண்டும்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு வட்டாரத்திலும் வட்டார வள மையம் இருக்கிறது. அங்கே சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவரும் உண்டு. அவர்கள் பள்ளிகளுக்கு வந்து போவார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்க் கற்றுக்கொடுப்பார்கள். உங்கள் பள்ளிக்கு யார் வருகிறார், எந்தக் கிழமை வருகிறார் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். ஒருவரே பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. அதனால் பிள்ளைக்குக் கிடைப்பது வாரத்தில் சில மணி நேரம்தான். மீதி நேரம் வகுப்பாசிரியர் கையில்.

அந்தச் சில மணி நேரத்தை உருப்படியாக்குவது தனிநபர் கல்வித் திட்டம். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிமை. இந்தப் பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது, இந்த வருடத்துக்குள் எங்கே போக வேண்டும், அதற்கு யார் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி, பெற்றோரும் ஆசிரியரும் கையெழுத்துப் போடுவது. தாளில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘கணிதத்தில் முன்னேற்றம் காண வேண்டும்’ என்று எழுதினால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ‘டிசம்பருக்குள், 100 ரூபாய் கொடுத்துப் பொருள் வாங்கி மீதிச் சில்லறையைச் சரிபார்க்க வேண்டும்; ஐந்து தடவை கடைக்குப் போனால் நாலு தடவையாவது சரியாக வர வேண்டும்’ என்று எழுதினால் வேலை நடக்கும். அம்மாவும் புரிந்துகொள்வார், கடைக்கார அண்ணாச்சியும் உதவி செய்வார்.

பரீட்சைச் சலுகைகளைப் பற்றி ஒரு விஷயத்தை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர் கிடைத்தார். விண்ணப்பம், சான்று, அனுமதி எல்லாம் முறையாக வாங்கியிருந்தோம். பரீட்சை முடிந்து வெளியே வந்தவள் அழுதுகொண்டே வந்தாள். கேள்விக்குப் பதில் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரிடம் முழு வாக்கியமாகச் சொல்லி எழுத வைக்கத் தெரியவில்லை. “அது வந்து... மழை பெய்யும்ல, அதுக்கப்புறம்...” என்று பேச்சு வழக்கில் சொல்லியிருக்கிறாள். எழுதுபவர், சொன்னதை மட்டும்தான் எழுத முடியும். எங்கே நிறுத்துவது, பத்தி எங்கே பிரிப்பது, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பது எதுவும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த யாரும் என்பதில் நானும் உண்டு.

சொல்லி எழுத வைப்பது தனித் திறமை. இப்போது எட்டாம் வகுப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறேன். வாரம் ஒரு நாள், ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி, எழுதுபவர் ஒவ்வொரு வாரமும் வேறு ஆள். அடுத்த வகுப்பு அக்கா, கணக்கு சார், சத்துணவு அமைப்பாளர் என்று யார் கிடைத்தாலும் உட்கார வைப்பேன். மாநிலப் பாடத்திட்டத்தில் சலுகைக்கான விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். மார்ச்சில் பரீட்சை என்றால் ஜனவரியில் ஓடுவதில் அர்த்தமில்லை. ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே சான்று கையில் இருக்க வேண்டும்.

பொதுத்தேர்வைத் தவிர வேறு வழியே இல்லையா?

உண்டு. என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்லப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, மத்திய அரசின் அமைப்பு. 1989இல் தொடங்கியது. பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம். அதில் ஒரு மொழி கட்டாயம் இருக்க வேண்டும். மீதியைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். கணக்கு வேண்டாம் என்றால் எடுக்காமல் விடலாம். மனையியல், ஓவியம், கணினியில் தரவு உள்ளீடு போன்ற பாடங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. பதிவு செய்தால் ஐந்து வருடம் செல்லும். அதற்குள் ஒன்பது தடவை பரீட்சை எழுத வாய்ப்புண்டு. ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். மொழிப்பாடம் ஒரு தடவை, ஆறு மாதம் கழித்து மனையியல் என்று நிதானமாகப் போகலாம்.

நான் முன்பு சொன்ன அந்த ஐந்தாவது கூட்டத்துக்கு, சான்று எதுவும் கிடைக்காத பிள்ளைகளுக்கு, இது பெரிய கதவு. இங்கே பாடத்தைத் தேர்ந்தெடுக்கவோ நிதானமாக எழுதவோ குறைபாட்டுச் சான்று தேவையில்லை. சாதாரணமாக யாரும் சேரலாம்.

இதிலும் கவனம் வேண்டும். தினமும் மணி அடித்து வகுப்புக்குப் போகிற ஒழுங்கு இதில் கிடையாது. வீட்டில் உட்கார்ந்து படிக்க வைக்க ஆள் இல்லையென்றால் ஐந்து வருடமும் அப்படியே போய்விடும். அப்புறம், பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே பிறகு எங்கே சேரப் போகிறோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாலிடெக்னிக் எண்ணம் இருந்தால் கணக்கும் அறிவியலும் இல்லாமல் முடியாது. மேற்கொண்டு படிக்கும் இடத்திலும், அரசு வேலை நோக்கம் இருந்தால் அங்கேயும், இந்தச் சான்றிதழை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்று சேர்வதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பள்ளியிலேயே தொடர முடிந்தவர்களுக்கு, சில மேல்நிலைப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் தொழிற்கல்விப் பிரிவுகள் இருக்கின்றன. வேளாண் அறிவியல், அலுவலக மேலாண்மை, ஆடை வடிவமைப்பு, அடிப்படை மின்பொறியியல் போன்றவை. எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிரிவும் கிடையாது. பக்கத்தில் எந்தப் பள்ளியில் என்ன இருக்கிறது என்று முன்னாலேயே விசாரித்து வைக்க வேண்டும்.

ஐ.டி.ஐ. என்கிற தொழிற்பயிற்சி நிலையம் பற்றிப் பல பெற்றோருக்குத் தெரியாத ஒன்று: எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய பிரிவுகள் அங்கே உண்டு. வெல்டர், வயர்மேன், தையல் தொழில்நுட்பம் இவையெல்லாம் அப்படித்தான். வயது 14 ஆகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் இரண்டு மூன்று தடவை தோற்று, தன்னம்பிக்கை எல்லாம் போன பிறகு வருகிற பையனையும், ஒன்பதாம் வகுப்பு முடித்துத் தானே விரும்பி வருகிற பையனையும் ஐ.டி.ஐ. பயிற்றுநர்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் அங்கேயும் எழுத்துத் தேர்வு உண்டு, வரைபடம் படிக்க வேண்டும். கைவேலை மட்டும்தான் என்று நினைத்துப் போகக் கூடாது. செவித்திறன் குறைந்த பிள்ளைகள் பலர் ஐ.டி.ஐ.யில் பிரமாதமாக வருவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்துக் கையால் செய்கிற படிப்பு அது.

சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் ஒன்று மத்திய அரசால் நடத்தப்படுகிறது. அங்கே ஒருவருக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று மதிப்பிட்டுச் சொல்வார்கள், பயிற்சியும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல குறைபாடுகள் சேர்ந்து உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் 2005இலிருந்து இயங்குகிறது. தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. டிஸ்லெக்சியாவுக்குச் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் பல வருடமாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது. உங்கள் மாவட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரிய, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும்.

எந்தத் தொழில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெற்றோரிடம் ஒரு நோட்டு போடச் சொல்வேன். பக்கத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும். யாரும் சொல்லாமல் தானாகச் செய்வது, சொன்னால் செய்வது, எவ்வளவு சொன்னாலும் நழுவுவது. இரண்டு வாரம் எழுதினால் போதும். ஒருமுறை ஓர் அப்பா எழுதிக்கொண்டு வந்தார். முதல் பத்தியில் ஒன்பது நாள் ஒரே வரி: ‘செடிக்குத் தண்ணி ஊத்தினான்’. அவர் எதிர்பார்த்தது கம்ப்யூட்டர். பையன் கம்ப்யூட்டரில் பார்ப்பதெல்லாம் வீடியோதான் என்பது மூன்றாவது பத்தியில் அவரே எழுதியிருந்தார். அவன் இன்றைக்கு ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கிறான். தட்டில் மண் நிரப்பி விதை ஊன்றும் வேலை. ஒரு குழிக்கு ஒரு விதை, 98 குழி ஒரு தட்டு. அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது மற்றவர்களுக்குச் சலிப்பு, அவனுக்கு நிம்மதி.

வேலையை மட்டும் பார்த்தால் போதாது, இடத்தையும் பார்க்க வேண்டும். அழகாகத் தைக்கிற ஆட்டிசம் உள்ள பெண்ணைப் பத்து மெஷின் ஓடும் கூடத்தில் உட்கார வைத்தால் அரை மணி நேரம் தாங்கமாட்டாள். அதே பெண் வீட்டிலோ, இரண்டு மெஷின் இருக்கிற தெருமுனைத் தையற்கடையிலோ நாள் முழுக்கத் தைப்பாள்.

ஒரு முறுக்குப் பாக்கெட் கற்றுத் தந்தது

தொழிற்பயிற்சி என்றால் வகுப்பறையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அறிவுசார் குறைபாடு உள்ள 17 வயதுப் பையனுக்கு 200 கிராம் முறுக்குப் பாக்கெட் போடக் கற்றுக்கொடுக்க வேண்டும். நமக்கு அது ஒரே வேலை. உட்கார்ந்து எண்ணினால் அதற்குள் 11 வேலை இருக்கிறது. கை கழுவுவது, கையுறை போடுவது, கவரை எடுப்பது, ஒட்டிக்கொண்டிருக்கும் கவர் வாயைப் பிரிப்பது, முறுக்கை உடையாமல் அடுக்குவது, தராசில் வைப்பது, முள்ளைப் பார்ப்பது, கூடக்குறைய இருந்தால் சரிசெய்வது, லேபிள் சீட்டை உள்ளே போடுவது, சீல் மெஷினை அழுத்துவது, பெட்டியில் வைப்பது. இப்படிப் பிரிப்பதுதான் முதல் வேலை. பிரித்தால்தான் எங்கே சிக்குகிறது என்று தெரியும். அவனுக்கு இரண்டே இடத்தில் சிக்கியது: கவர் வாயைப் பிரிப்பதும் எடை பார்ப்பதும்.

கவர் பிரிக்க, ஈர ஸ்பாஞ்ச் ஒன்றைப் பக்கத்தில் வைத்தோம். தபால் அலுவலகத்தில் வைத்திருப்பார்களே, அது மாதிரி. விரலைத் தொட்டுப் பிரித்தால் வந்துவிட்டது. எடைதான் கஷ்டம். 195க்கும் 205க்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. எண் காட்டும் மின் தராசை எடுத்துவிட்டு முள் தராசு கொண்டுவந்தோம். 200 இருக்கும் இடத்தில் ஒரு பச்சை டேப் ஒட்டினோம். முள் பச்சைக்கு வரவில்லை என்றால் இன்னும் வை, தாண்டிவிட்டால் எடு. அவ்வளவுதான். எண்கள் தெரியாமலே எடை போடக் கற்றுக்கொண்டான்.

கற்றுக்கொடுத்த வரிசை இன்னும் முக்கியம். முதல் நாள் அவன் செய்தது கடைசி இரண்டு வேலைகள் மட்டும். சீலை அழுத்துவது, பெட்டியில் வைப்பது. மீதி ஒன்பதையும் நான் செய்தேன். பின்னாலிருந்து முன்னால் கற்றுக்கொடுக்கும் முறை இது. முதல் படியிலிருந்து ஆரம்பித்தால் பாதியில் நின்று நின்று, முடித்த சந்தோஷமே பிள்ளைக்குக் கிடைக்காது. கடைசியிலிருந்து ஆரம்பித்தால் முதல் நாளே ஒரு பாக்கெட்டை முடித்துப் பெட்டியில் வைக்கிறான். வாரம் ஒரு படியாக முன்னால் நகர்ந்தோம். மூன்று மாதத்தில் 11 படியும் அவன் கைக்கு வந்துவிட்டன. வீட்டில் தட்டு கழுவவும் துணி மடிக்கவும் இதே முறையில் கற்றுக்கொடுத்துப் பாருங்கள். காசு செலவில்லை.

இங்கே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் பயிற்சி மையங்களில் மெழுகுவத்தி, பினாயில், பேப்பர் கவர் என்று ஒரே சாமான்களை எல்லோருக்கும் கற்றுக்கொடுப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. செய்தது விற்காது. தீபாவளிக்கு நாலு பேர் இரக்கப்பட்டு வாங்குவார்கள், அத்தோடு சரி. பயிற்சி வருடக்கணக்கில் நீளும், வேலை வராது. ‘முதலில் தயாராகட்டும், பிறகு வேலைக்கு அனுப்பலாம்’ என்று காத்திருந்தால் தயாராகவே மாட்டார்கள். அதைவிட, ஊரில் உண்மையில் இருக்கிற வேலை ஒன்றைப் பிடித்து, அந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு பயிற்றுநர் நின்று கற்றுக்கொடுத்து, மெல்ல மெல்ல விலகிக்கொள்வது நன்றாகப் பலன் தருகிறது. முதல் வாரம் நாள் முழுக்க உடனிருப்பார். அப்புறம் காலை மட்டும், அப்புறம் வாரம் ஒருமுறை, பிறகு போனில். பேக்கரி, மருந்துக்கடையின் பின்பக்கம், பாக்குமட்டைத் தட்டு யூனிட், ஓட்டல், நூலகம் என்று இடம் எதுவானாலும் முதலாளியிடம் பேசும்போது இரக்கத்தைக் கேட்காமல் வேலையைக் கேட்க வேண்டும். “ஒரு வாரம் பாருங்க, வேலை சரியில்லைன்னா சொல்லுங்க” என்பது போதும்.

வேலை கிடைத்த பிள்ளைகள் அதை இழப்பது பெரும்பாலும் கைத்திறன் போதாமல் இல்லை. நேரத்துக்கு வராதது, புரியவில்லை என்று சொல்லத் தெரியாமல் சும்மா நிற்பது, திட்டினால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது இவற்றால்தான் வேலை போகிறது. இவை பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்து வீட்டில் பழக வேண்டியவை. “எனக்குப் புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க” என்ற ஒரு வாக்கியத்தைப் பேசத் தெரிந்த பிள்ளை, எழுதத் தெரிந்த பிள்ளையைவிட வேலையில் அதிக நாள் நிற்கும். பேச்சு வராவிட்டால் அதே வாக்கியம் எழுதிய அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்.

டவுன் பஸ்ஸும் அப்படித்தான். முதலில் கூடவே போங்கள். பிறகு அதே பஸ்ஸில் நாலு சீட் தள்ளி உட்காருங்கள். பிறகு நீங்கள் வண்டியில் பின்னால் வாருங்கள். கண்டக்டரிடமும் இறங்கும் நிறுத்தத்து டீக்கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பெண் பிள்ளை என்றால் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். பயம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் அவளுக்கு 25 வயதாகி, அப்பா அம்மாவுக்கு முடியாமல் போகும்போது, வெளியே போய்ப் பழகாத பெண்தான் அதிக ஆபத்தில் இருக்கிறாள். தொடுதல் பற்றி, யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பது பற்றி அவளுக்குப் படம் வைத்தாவது சொல்லித்தர வேண்டும். வேலைக்கான பயிற்சியில் அதுவும் சேர்த்தி.

18 வயது ஆகும்போது

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல குறைபாடுகள் சேர்ந்து உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் தனியாக இருக்கிறது. 18 வயதான பிறகு பெற்றோர் தானாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. தேவைப்பட்டால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டபூர்வக் காப்பாளர் நியமனம் பெற வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் இது தேவைப்படாது. தன் முடிவைத் தானே எடுக்கக்கூடியவர்களுக்குக் காப்பாளர் வேண்டாம், பக்கத்தில் இருந்து விளக்கிச் சொல்ல ஆள் இருந்தால் போதும். அதே சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு, ஒரு லட்சம் ரூபாய் வரை. வழக்கமான சிகிச்சையோடு பேச்சுப் பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை போன்றவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது.

வங்கிக் கணக்கை 18க்கு முன்பே பிள்ளை பெயரில் தொடங்கிவிடுங்கள். முறுக்குப் பாக்கெட் போடும் பையனுக்கு முதல் மாதச் சம்பளம் கவரில் வந்தது. அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டாம் மாதம் அவன் வேலைக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. முதலாளியிடம் பேசி, அடுத்த சம்பளத்தைப் பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகளாகக் கேட்டு வாங்கி, அவன் கையில் கொடுத்தோம். மேசையில் பரப்பி வைத்து அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அதில் மூன்று நோட்டை எடுத்துக்கொண்டு, தங்கச்சிக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போனான். திங்கட்கிழமை காலையில் யாரும் எழுப்பாமல் கிளம்பி நின்றான்.